டிராக்டர் மாதிரி ஒரு சத்தம்

தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டபோது ஷீலா தன் கணவன் ஜெபகுமாரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். குளிர்பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றியதில் காலரின் ஒரு பக்கம் உள்ளே மடங்கிப் போயிருந்தது. அதை நிமிர்த்தியவளின் விரல்கள் அப்படியே நின்றன.

தட்... தடதட்... தட்... தட். சீராக இல்லாத சத்தம். இப்போது நின்றுவிடும் என்று நினைக்கும்போது ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடியும் தொடரும்.

கூடத்தில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஜெபகுமாரின் அக்கா ரத்தினபாய் தலைமாட்டிலிருந்து எழுந்தாள்.

"யாரது? சாவு வீடுன்னு தெரியல? டிராக்டரை ஓட்டிக்கிட்டு வர்றான் பாரு!"

"டிராக்டர் இல்ல அண்ணி. அவர் வண்டி" என்றாள் ஷீலா.

அதைச் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. வண்டிக்காரன் பெட்டிக்குள் கிடக்கிறான். வண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஷீலா வாசலுக்கு வந்தாள். வெள்ளி நிற எஸ்டீம் கார், நாற்காலிகளுக்கும் பந்தல் கம்பத்துக்கும் நடுவே தயங்கித் தயங்கி வந்து, ஒரு முறை முன்னால் குதித்து, நின்றுபோனது. உள்ளேயிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கினார். ஐம்பதை ஒட்டிய வயது. சாவியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம் பேரு குப்புராஜிங்க. ஆட்டோ ஓட்றேன். நேத்து சார் ஃபோன்லேர்ந்து நாந்தான் உங்களுக்குப் பேசுனேன். சார என் ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு ஏத்திகினு போனதுல சாவி எங்கிட்டயே மாட்டிகிச்சு. வண்டி சிக்னலாண்டயே டீக்கடை ஓரமா நின்னுகினு இருந்துச்சு. எவனா எதுனா பண்ணிடுவான்னு எட்தாந்துட்டேன். வழியில நாலஞ்சு தபா ஆஃப் ஆயிடுச்சுங்க்கா."

நேற்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த ஒரு காக்கிச் சட்டை ஷீலாவுக்கு நினைவுக்கு வந்தது. அப்போது அவள் முகங்களைப் பார்க்கும் நிலையில் இல்லை. இப்போது பார்த்தாள். இந்த மனிதர்தான் ஜெபகுமாருடன் கடைசியாக இருந்தவர்.

காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்த ஒரே கேள்விக்கு விடை தெரிந்தவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஷீலா கணக்கு டீச்சர். நடுவில் ஒரு வரி விடுபட்ட கணக்கை அவளால் சரி போட முடியாது. நேற்றைய மாலையில் அப்படி ஒரு வரி விடுபட்டிருந்தது. மேல் வரி அவளுக்குத் தெரியும்: பொழிச்சலூரில் பிரசன்னாவின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஜெபகுமார் ஃபோன் செய்தான். "ஷீலா, ஒண்ணு கேளு" என்று சொல்லி ஃபோனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தான். தட்... தடதட்... தட். அவள் ஒரு கையில் தோசைக் கரண்டியோடு, "என்னங்க இது, டிராக்டர் மாதிரி இருக்கு?" என்றாள். அந்தப் பக்கம் பதில் இல்லை. அவன் சிரிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெபகுமார் சிரித்தால் சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். "வர்றேன் இரு, நேர்ல கேட்டா வேற மாதிரி இருக்கும்" என்று வைத்துவிட்டான். கீழ் வரியும் தெரியும்: ஆஸ்பத்திரி, வெள்ளைத் துணி, மாரடைப்பு, வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்ன டாக்டர்.

நடு வரி ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இருந்தது. வீட்டுக்கு நடந்தே வந்துவிடக்கூடிய தூரம்.

அந்த நடு வரியை ரத்தினபாய் தானே எழுதிவிட்டாள். விடிந்ததும் தூத்துக்குடிச் சொந்தக்காரர்களிடம் ஃபோனில் பேசும்போது, "இயேசப்பான்னு சொல்லித்தான் கண்ணை மூடியிருப்பான்" என்றாள். ஒன்பது மணிக்கு வந்த சபைப் பெண்களிடம், "இயேசப்பான்னு சொன்னானாம்" என்றாள். மகன் ஸ்டெபின் புனேயிலிருந்து வந்து இறங்கியபோது, "உங்கப்பா இயேசப்பான்னு சொல்லிக்கிட்டே போனார்டா" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். 'எனக் கொள்க' என்று ஆரம்பித்தது, மதியத்துக்குள் 'என நிரூபிக்கப்பட்டது' ஆகியிருந்தது. ஷீலா மறுத்துப் பேசவில்லை. சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு அது தேவையாக இருந்தது. ஷீலாவுக்குத் தேவைப்பட்டது வேறு. அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று தெரிய வேண்டும். அது என்னவாக இருந்தாலும் சரி.

இப்போது ரத்தினபாய் முந்திக்கொண்டாள்.

"நீதானா தம்பி அது? உள்ள வாப்பா, வா. பாஸ்டர் வந்துட்டார், அவர்கிட்டயே சொல்லு."

குப்புராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அதே நேரம் பார்த்துவிட்டு வெளியே போகிறவர்களும் பார்க்க வருகிறவர்களும் நிலைப்படியில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். ஷீலா ஒரு கணம் அந்த நெரிசலையே பார்த்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது.

அது அவள் சொன்ன உதாரணம். இரண்டு மாதத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்த பார்சலைப் பிரித்து, எண்ணெய் பூசிய ஓர் இரும்புத் தண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான் ஜெபகுமார். முழ நீளத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவில் மேடுகள்.

"இதை வெச்சு சப்பாத்தி தேய்ச்சா விளங்கும்" என்றாள் அவள்.

"கேம்ஷாஃப்ட்டும்மா. எஞ்சின்ல காத்து உள்ள வர ஒரு கதவு, புகை வெளிய போக ஒரு கதவு. இந்த மேடுதான் கதவைத் தள்ளித் திறக்கும். நம்ம பழசுல மேடு சின்னது. இதுல பெருசு, அகலமும் ஜாஸ்தி. கதவு இன்னும் நல்லாத் திறக்கும், ரொம்ப நேரம் திறந்திருக்கும். வேகமாப் போகும்போது பவர் கூடும்."

"நிக்கும்போது?"

"அதான் விஷயமே. நிக்கும்போது ரெண்டு கதவும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். வர்றதும் போறதும் குழம்பிடும். எஞ்சின் தடுமாறும்."

ஷீலா யோசித்தாள். "கல்யாண மண்டபத்துல முதல் பந்தி எழுந்து வெளிய வரும்போது, ரெண்டாம் பந்தி அதே வாசல்ல முண்டியடிச்சு உள்ள நுழையுற மாதிரியா?"

ஜெபகுமார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். அந்த உதாரணத்தைத் தன் கம்பெனியில் சொன்னான், பிரசன்னாவிடம் சொன்னான், கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டு தண்டு செய்து கொடுத்தவரிடமும் சொன்னான். "எங்க வீட்ல சொன்னா" என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொண்டான்.

அவளுக்குத்தான் அவன் ஆசை பிடிபடவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருபவன். சர்ச் கொயரில் அவன் பாடுவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்டவனுக்கு எதற்கு ரேஸ் வண்டியின் சத்தம்?

"எவ்வளவு வேகமாப் போகப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வேகம் யாருக்கு வேணும்? காலேஜ் படிக்கும்போது ரேஸ் டிராக் வேலிக்கு வெளிய நின்னு பாப்பேன். வண்டிங்க ஓடும்போது இல்ல ஷீலா. கொடி ஆட்டுறதுக்கு முன்னாடி, வரிசையா நிக்கும்ல, அப்போ. நிக்க முடியாம நிக்கும் பாரு. அந்தச் சத்தம்."

அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. 

"சொல்லு தம்பி" என்றாள் ரத்தினபாய். கூடமே குப்புராஜைப் பார்த்தது. "நீதானே கூட இருந்தே? இயேசப்பான்னு சொன்னானா?"

குப்புராஜ் சவப்பெட்டியைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த வசன காலண்டரைப் பார்த்தார். அங்கியோடு நின்ற போதகரைப் பார்த்தார். கடைசியாக ஷீலாவைப் பார்த்தார்.

"ஆமாங்க... சாமி பேருதான் சொன்னாரு."

"ஸ்தோத்திரம்" என்று இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து வந்தன. ரத்தினபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷீலா எத்தனையோ பரீட்சை அறைகளில் மேற்பார்வைக்கு நின்றவள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டு நிமிர்கிற முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். குப்புராஜ் செருப்பைத் தேடி வெளியே போனதும், அவள் பின்னாலேயே எழுந்து போனாள். புருஷன் பக்கத்தில் இருக்காமல் எங்கே போகிறாள் என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

காருக்கு அந்தப் பக்கம், எதிர் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி பிரசன்னா நின்றுகொண்டிருந்தான். வெகு நேரமாக அங்கேயேதான் நிற்கிறான் போலிருந்தது. அவன் கையால்தான் அந்தத் தண்டு எஞ்சினுக்குள் போனது. ஜெபகுமாரைவிடப் பத்து வயது சின்னவன். அண்ணே, அண்ணே என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவன். சபைக்காரர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஷீலாவை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவான். இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காரின் டயரைப் பார்த்தான்.

"உள்ள வரல?" என்றாள் ஷீலா.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது சிஸ்டர்?"

அவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று குப்புராஜ் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உள்ள சொன்னது சரி. அவங்களுக்காகச் சொன்னீங்க. எனக்கு நடந்ததைச் சொல்லுங்க."

குப்புராஜ் சாவியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு அது வரிசை இல்லாமல் வந்தது.

"நாங்க ஆளப் பாக்கலக்கா. வண்டியப் பாத்துகினு நின்னோம். அதான் எனக்கு நேத்துலேர்ந்து சோறு எறங்கல."

"புரியல அண்ணா."

"பச்ச வுழுந்துச்சு. இந்த வண்டி நகுரல. நின்ன எட்துலயே குலுங்கிகினு கீது. பின்னாடி அல்லாரும் ஹாரன் அடிக்கிறானுங்க. நான் எறங்கிப் போயி, 'சார், வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, ஓரங்கட்டுங்க'ன்னேன். மூஞ்செல்லாம் வேர்வை. நடுரோட்ல வண்டி மக்கர் பண்ணா எவனுக்கும் வேர்க்கும்தான? நான் அப்டித்தான் நென்ச்சேன். பானெட் லீவர இழுங்க சார்னேன். இழுத்தாரு. நானும் டீக்கடைக்காரரும் பானெட்டத் தூக்கி வெச்சுகினு, பிளக்கா இருக்குமா, ஒயரா இருக்குமான்னு பேசிகினு நின்னோம். வண்டிக்கு ஒண்ணுமே இல்லக்கா. வண்டி நல்லாத்தான் கீது. திரும்பிப் போயி பாத்தா, ஸ்டேரிங் மேல சாஞ்சிட்டாரு."

பிரசன்னா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். அவன் காலையிலேயே சிக்னலுக்குப் போய் டீக்கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்பது ஷீலாவுக்கு இப்போது புரிந்தது.

"பழைய கேம் இருந்திருந்தா வண்டி சத்தம் போடாம நின்னிருக்கும் சிஸ்டர். எவனும் பானெட்டைப் பாத்திருக்க மாட்டான். அண்ணனைப் பாத்திருப்பான்."

"அள்ளிப் போட்டுகினு அப்பவே போயிருந்தா..." என்று குப்புராஜ் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளே பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. ஆர்மோனியம் ஒரு சுரம் முன்னால் போக, குரல்கள் பின்னால் வந்தன. ஷீலா காரின் பானெட் மேல் கையை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"எனக்கு அது தெரியாது அண்ணா. யாருக்கும் தெரியாது" என்றாள். "பானெட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி அவர் ஏதாவது பேசினாரா?"

"பேசுனாரு."

"என்ன பேசினார்?"

"நான் மிஸ்ஸிங்குன்னு சொன்னதும் அவருக்கு ரோசம் வந்துடுச்சுக்கா. 'மிஸ்ஸிங் இல்லப்பா, கேம் மாத்தியிருக்கேன், இது இப்டித்தான் இருக்கணும்'னாரு. மூச்சு வாங்குது, ஆனா சொல்றாரு. அப்பறம், 'சத்தம் எப்டி, நல்லாருக்கா?'ன்னு கேக்குறாரு. என்னாண்ட! பின்னாடி ஊரே ஹாரன் அடிக்குது, இவரு சத்தம் நல்லாருக்கான்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தார். "சூப்பரா கீது சார்னு சொல்லியிருக்கலாம். என் வாயி சும்மா இருந்தாத்தான. 'இன்னா சார், டிராக்டர் மாரி கீது'ன்னுட்டேன்."

ஷீலா பானெட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. சத்தமே வரல, தோளு மட்டும் குலுங்குச்சு. 'வீட்லயும் இதேதான் சொன்னா'ன்னாரு. அவ்ளோதாங்க்கா. அப்பறம் லீவர இழுத்தாரு."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி திரும்ப முடியாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு பிரசன்னா காலை மடக்கிக்கொண்டான்.

"பிரசன்னா" என்றாள் ஷீலா.

"சிஸ்டர்."

"இந்தச் சத்தம் சரியா வந்திருக்கா? அவர் கேட்ட மாதிரி?"

பிரசன்னா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "வந்திருக்கு சிஸ்டர். ஐடில் மட்டும், நிக்கும்போது ஓடுற வேகம், ஒரு பொடிசு ஏத்தணும். ஒரு நாள் விட்டுட்டுப் போங்கண்ணேன்னு சொன்னேன். கேக்கல. வீட்ல காட்டணும்னார்."

"அப்ப ஏத்திடு. வழியில நின்னுடக் கூடாது."

"எங்க போற வழியில?"

"கல்லறைத் தோட்டத்துக்குத்தான். நான் இதுல வர்றேன். நீதான் ஓட்டணும்."

அவன் எழுந்தான். முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு, டிக்கியில் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போனான். குப்புராஜ் தாமே போய் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போதகர் அவளுக்காகக் காத்திருந்தார். இளவயதுக்காரர். குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடைசியா கர்த்தரைக் கூப்பிட்டாருன்னு எல்லாரும் சாட்சி சொல்றாங்கம்மா. பிரசங்கத்துல சொல்லலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

ரத்தினபாய் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஷீலாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பயம் இருந்தது. அவளும் பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை போலத்தான் நின்றாள்.

"அவர் சிரிச்சார் பாஸ்டர்" என்றாள் ஷீலா. "கூட இருந்தவர் பாத்திருக்கார். கடைசியா சிரிச்சாருன்னு சொல்லுங்க. அது போதும்."

"சிரிச்சானா?" என்றாள் ரத்தினபாய்.

"ஆமா அண்ணி. சத்தம் வரலையாம். தோள் மட்டும் குலுங்கிச்சாம்."

ரத்தினபாய் தம்பியின் தோளைப் பார்த்தாள். கோட்டுத் துணியின் மேல் ஒரு பூவிதழ் விழுந்திருந்தது. அதை எடுத்தாள்.

"தொட்டில்லயே அப்படித்தான் சிரிப்பான்" என்றாள். "எங்கம்மா, பிள்ளைக்குக் குரலே இல்லையோன்னு பயந்துட்டாங்க." அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை வேறாக இருந்தது. காலையிலிருந்து அழுதது ஊருக்குக் கேட்டது. இது பக்கத்தில் நின்ற ஷீலாவுக்கு மட்டும் கேட்டது.

நாலு மணிக்கு ஆராதனை முடிந்து பெட்டியை வேனில் ஏற்றினார்கள். ஸ்டெபின் அப்பாவோடு வேனில் ஏறிக்கொண்டு, அம்மாவுக்காகக் கையை நீட்டினான். "நீ போடா. நான் அப்பா வண்டில வர்றேன்" என்றாள். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தான். ரத்தினபாய் வேனில் ஒரு காலை வைத்தவள், என்ன நினைத்தாளோ, இறங்கி வந்து காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த சனியன் பிடிச்ச சத்தத்தை நானும்தான் கேக்குறேன்" என்றாள்.

வேன் முன்னால் போக, கார் பின்னால் போனது. ஓடும்போது அப்படி ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் காரையும் போலத்தான் இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வேன் தாண்டிப் போய்விட, அவர்களுக்குச் சிவப்பு விழுந்தது. பிரசன்னா பிரேக்கை மிதித்தான். வேகம் இறங்கி வண்டி நின்றது.

தட்... தடதட்... தட்... தட்.

சீட் குலுங்கியது. கண்ணாடிகள் அதிர்ந்தன. ஃபோனில் கேட்டது போல இல்லை. நேரில் அது காதில் மட்டும் கேட்கவில்லை. முதுகில் கேட்டது, உள்ளங்காலில் கேட்டது. இடப்பக்கம் பைக்கில் நின்ற ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு பானெட்டைப் பார்த்தார். பிறகு ஷீலாவைப் பார்த்து, வண்டியில் ஏதோ கோளாறு என்பது போலக் கையை ஆட்டிக் காட்டினார். ஷீலா இல்லை என்று தலையசைத்தாள்.

"நின்னுடாதுல்ல?" என்றாள் பின்னாலிருந்து ரத்தினபாய்.

"நிக்காதும்மா" என்றான் பிரசன்னா.

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளை ஷீலா டாஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் ஜெபகுமாரின் படம். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது, உம்மென்று இருப்பான். சிக்னல் மாறுகிற வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் தடுமாறத் தடுமாற தாள் அதிர்ந்தது. படத்தில் முகம் உம்மென்றேதான் இருந்தது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.